ஆபீஸ் லேப்டாப் புது டொமைனுக்கு மாறினால் பழைய டெஸ்க்டாப் எங்கே போகிறது?

திங்கட்கிழமை காலை 9.30 மணி. ஊழியர் லேப்டாப்பைத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை ஐடி பிரிவிலிருந்து வந்த மெயிலில் சொன்னபடி புது யூசர் நேம், புது பாஸ்வேர்டு போடுகிறார். லாகின் ஆகிவிடுகிறது. ஆனால் திரையில் இருப்பது விண்டோஸ் தரும் வால்பேப்பரும் ரீசைக்கிள் பின்னும் மட்டும்தான். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த எக்செல் ஷீட்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டர், அவுட்லுக் கையெழுத்து எதுவுமே இல்லை. லேப்டாப் அதே லேப்டாப். கீபோர்டில் தேய்ந்துபோன எழுத்துகூட அதேதான். 'என் ஃபைல் எல்லாம் எங்கே போச்சு?' என்று ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டால், வரிசையில் முன்னால் நாற்பது பேர்.

நிறுவனங்கள் இணையும்போதும் பிரியும்போதும் இந்தத் திங்கட்கிழமை வருகிறது. ஃபைல்கள் உண்மையில் எங்கும் போவதில்லை. பெரும்பாலும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? இதைத் தவிர்க்க முடியாதா? முடியும். ஆனால் அதற்கு ஐடி பிரிவும் நிர்வாகமும் ஊழியர்களும் சில விஷயங்களை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

டொமைன் என்றால் என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டரில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். 500 பேர் வேலை செய்யும் ஆபீஸில் அது சரிப்படாது. யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், யாருடைய கணக்கை முடக்க வேண்டும் என்பதையெல்லாம் ஓரிடத்தில் இருந்து கவனிக்க வேண்டும். அந்த ஓரிடம்தான் 'டொமைன் கன்ட்ரோலர்' என்ற சர்வர். அதன் ஆளுகைக்குள் வரும் கம்ப்யூட்டர்கள், பயனர்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு டொமைன். 2000-ம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000 சர்வரோடு வந்த 'ஆக்டிவ் டைரக்டரி'தான் இன்றைக்கும் பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலையைச் செய்கிறது.

இதன் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் 2017 ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும். டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், 'நாட்பெட்யா' வைரஸ் தாக்குதலில் சிக்கியது. உலகம் முழுக்க இருந்த அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று தகவலைப் பகிர்ந்துகொண்டிருந்ததால், தனியாக பேக்-அப் எதற்கு என்ற நினைப்பு இருந்தது. தாக்குதலில் அத்தனையும் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரன்ட் போயிருந்ததால் அங்கிருந்த சர்வர் மட்டும் தப்பியது. அதன் ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியா வரை ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, அங்கிருந்து இன்னொருவர் பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். அதை வைத்துத்தான் மீட்புப் பணியே வேகமெடுத்தது. 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத் தலைவர் பின்னர் டாவோஸில் சொன்னார். டொமைன் இல்லாவிட்டால் சர்வர்கள் இருந்தும் உள்ளே யாரை விடுவது என்று யாருக்கும் தெரியாது.

ஏன் மாற்றுகிறார்கள்?

முதல் காரணம், இணைப்பு. 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆகின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி சேர்ந்தது அன்றுதான். 2022 நவம்பரில் எல்.டி.ஐ.யும் மைண்ட்ட்ரீயும் ஒன்றாகின. இப்படிப் பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும். உள்ளே இருக்கும் இரண்டு நெட்வொர்க்குகள், இரண்டு மெயில் முகவரிகள், இரண்டு லாகின் முறைகள் ஒன்றாவதற்கு மாதங்கள் பிடிக்கும். பிரிவினையிலும் இதே கதைதான். 2015 நவம்பரில் எச்.பி. இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தது நினைவிருக்கலாம்.

இரண்டாவது காரணம், பாதுகாப்பு. பத்துப் பதினைந்து வருடப் பழைய டொமைனில் யார் யாருக்கோ கொடுத்த அனுமதிகள், வேலையை விட்டுப்போனவர்களின் கணக்குகள் எல்லாம் குப்பையாகச் சேர்ந்திருக்கும். சுத்தம் செய்வதைவிடப் புதிதாகக் கட்டுவது மேல் என்று முடிவெடுப்பார்கள். மூன்றாவது, கிளவுட். 2023 வரை 'அஸூர் ஆக்டிவ் டைரக்டரி' என்று அழைக்கப்பட்ட 'மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி'க்குப் பல நிறுவனங்கள் நகர்ந்து வருகின்றன. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், கம்ப்யூட்டரை மாற்றும் கையோடு டொமைனையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு.

பெயர் ஒன்றுதான், எண் வேறு

சரி, அதே ஆள், அதே லேப்டாப், சில சமயம் யூசர் நேம்கூட அதேதான். பிறகு ஏன் விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை?

காரணம், விண்டோஸ் யாரையும் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் 'எஸ்.ஐ.டி.' என்ற பாதுகாப்பு அடையாள எண் உண்டு. எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாகப் போகும் அந்த எண்ணில் டொமைனுக்கான பகுதியும் ஆளுக்கான பகுதியும் இருக்கும். டொமைன் மாறினால் எண்ணும் மாறிவிடும். பெயரை எழுத்து மாறாமல் அப்படியே வைத்தாலும் விண்டோஸின் கணக்கில் இவர் புது ஆள்.

பட்டாவை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கலாம். யாருடைய நிலம் எது என்பதைத் தாலுகா ஆபீஸில் ஆவணம்தான் சொல்லும். விண்டோஸிலும் சி டிரைவில் உள்ள 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரவுசர் புக்மார்க், ஆப் செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்தான். இதைத்தான் 'யூசர் புரொஃபைல்' என்கிறார்கள். எந்த எண்ணுக்கு எந்த வீடு என்ற பதிவேடு, ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல் லிஸ்ட்' என்ற இடத்தில் இருக்கிறது. புது எண்ணோடு ஒருவர் உள்ளே வந்ததும் விண்டோஸ் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிறது. அந்த எண்ணுக்கு வீடு இல்லை. உடனே காலி வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. பழைய வீட்டின் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பதால், புது ஃபோல்டருக்கு யூசர் நேமோடு டொமைன் பெயரையும் ஒட்டி வைக்கிறது. பழைய வீடு பக்கத்திலேயே, பழைய எண்ணின் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. காணாமல் போன எக்செல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வழிகள் மூன்று

முதல் வழி, பட்டா பெயர் மாற்றம். வீட்டை அசைக்காமல், பதிவேட்டிலும் ஃபைல் அனுமதிகளிலும் ரெஜிஸ்ட்ரி அனுமதிகளிலும் பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணை எழுதுவது. மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி மைக்ரேஷன் டூல்' இதைச் செய்யும். வேறு நிறுவனங்களின் கருவிகளும் இருக்கின்றன. ஃபைல்களைக் காப்பி எடுக்கத் தேவையில்லை என்பதால் வேலை சீக்கிரம் முடியும். லாகின் செய்தால் அதே டெஸ்க்டாப் வரும். ஆனால் மைக்ரோசாஃப்டின் கருவி பழையது. புதிய விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவும் ஸ்டோர் ஆப்களும் மாற்றத்துக்குப் பிறகு மக்கர் செய்வது உண்டு. சோதிக்காமல் இறங்கக் கூடாது.

இரண்டாவது வழி, சாமானை மூட்டை கட்டிப் புது வீட்டுக்குக் கொண்டுபோவது. 'யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல்' என்ற இலவசக் கருவி, பழைய புரொஃபைலில் இருந்து ஃபைல்களையும் செட்டிங்ஸையும் எடுத்து, புது கணக்கில் இறக்கிவைக்கும். கம்ப்யூட்டரே மாறுகிறது என்றால் இதுதான் பொருத்தம். நேரம் அதிகம் ஆகும். டிரைவர்களையும் பாஸ்வேர்டுகளையும் இது கொண்டுவராது.

மூன்றாவது வழி, புதிதாகத் தொடங்குவது. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் முன்பே ஒன்டிரைவ் போன்ற இடத்தில் ஒத்திசைந்திருந்தால், புது லாகினில் அவை தானாக இறங்கிவிடும். என்ட்ரா ஐடிக்குப் போகும் நிறுவனங்கள் பல இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. சுத்தமான வழிதான். ஆனால் டி டிரைவில் ஒரு மூலையில் ஃபைல் வைத்திருக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் அதிகம். அது ஒத்திசைவுக்குள் வராது.

இதில் எது சிறந்தது என்று ஒரே பதில் கிடையாது. பழைய மென்பொருள் நிறைய வைத்திருக்கும் கணக்குப் பிரிவுக்கு முதல் வழியும், பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடும் பிரிவுக்கு மூன்றாவது வழியும் பொருந்தலாம். எல்லோருக்கும் ஒரே வழி என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

எந்த வழியிலும் தொலையக்கூடியவை

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள்தான் முதல் பலி. விண்டோஸ் இவற்றைப் பூட்டும் சாவி, பயனரின் பழைய பாஸ்வேர்டோடும் பழைய அடையாள எண்ணோடும் பின்னிப் பிணைந்தது. ஃபைல் இருக்கும், திறக்காது. பிரவுசர் கணக்கில் ஒத்திசைவு போட்டிருந்தால் தப்பிக்கலாம்.

விண்டோஸின் இ.எஃப்.எஸ். முறையில் யாராவது ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சான்றிதழை அதன் சாவியோடு வெளியே எடுத்து வைக்காமல் மாற்றினால் அந்த ஃபைல்கள் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அவுட்லுக்கில் ஓ.எஸ்.டி. ஃபைல் போனால் கவலையில்லை. சர்வரில் இருந்து திரும்ப இறங்கும். பி.எஸ்.டி. ஃபைல் அப்படியல்ல. பழைய மெயில்களை அதில் ஒதுக்கி வைத்திருந்தால் அந்த ஒரே பிரதி அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சறுக்கும் இடங்கள்

டொமைனில் ஆட்களுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்கென்று ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் 30 நாளுக்கு ஒருமுறை அது தானே மாறிக்கொள்ளும். பழைய டொமைனில் இருந்து விலக்கி, புதியதில் சேர்க்கும்போது இந்தக் கணக்கும் புதிதாக உருவாகிறது. இந்த இடத்தில்தான் ஐடி ஊழியர்கள் அதிகம் அடிவாங்குகிறார்கள்.

பழைய டொமைனில் இருந்து விலக்கும் முன், அந்தக் கம்ப்யூட்டரின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். விலக்கிய பிறகு பழைய டொமைன் கணக்குகள் அங்கே செல்லாது. புதியதில் இன்னும் சேரவில்லை. இடையில் உள்ளே போக வேறு சாவி இல்லை என்றால் அந்த லேப்டாப்பை ஃபார்மேட் அடிக்கும் நிலைகூட வரலாம்.

அடுத்தது டி.என்.எஸ். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்டுத் தெரிந்துகொள்வது டி.என்.எஸ். சர்வரிடம்தான். அது இன்னும் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தால், 'டொமைனைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற செய்திதான் வரும். அதேபோல் கடிகாரம். லாகினைச் சரிபார்க்கும் 'கெர்பரோஸ்' முறை, வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கதவு திறக்காது.

பிட்லாக்கர் மீட்பு எண் இன்னொரு கண்ணி. 48 இலக்க அந்த எண், பல அலுவலகங்களில் பழைய டொமைனில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றத்துக்குப் பிறகு அதைப் புதிய டொமைனிலும் பதிய வேண்டும். மறந்துவிட்டுப் பழைய டொமைனை மூடினால், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் லேப்டாப் அந்த எண்ணைக் கேட்கும்போது கொடுக்க ஆளிருக்காது.

வீட்டில் இருந்து வேலை செய்பவர்கள் நிலைமை தனி. ஒருவர் முன்பு லாகின் செய்த விவரத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருப்பதால்தான், ஆபீஸ் நெட்வொர்க் இல்லாமலும் வீட்டில் லாகின் ஆகிறது. புது டொமைன் கணக்குக்கு அந்த நினைவு கிடையாது. முதல் லாகினின்போது டொமைன் கன்ட்ரோலர் கண்ணெதிரே இருந்தாக வேண்டும். லாகினுக்கு முன்பே இணையக்கூடிய வி.பி.என். இல்லையென்றால், மதுரையிலோ நாகர்கோவிலிலோ வீட்டில் இருப்பவர் பஸ் ஏறி ஆபீஸுக்கு வர வேண்டியதுதான்.

பழைய அடையாளத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

ஆட்கள் எல்லோரும் மாறிய பிறகும் ஃபைல் சர்வர் பழைய டொமைனிலேயே இருக்கலாம். அங்கே அனுமதிகள் எல்லாம் பழைய எண்களில் எழுதியிருக்கும். இதற்காகப் புது கணக்கின் உள்ளே பழைய எண்ணையும் சேர்த்துவைக்கும் வசதி இருக்கிறது. 'எஸ்.ஐ.டி. ஹிஸ்டரி' என்று பெயர். மாறும் காலத்தில் இது பெரிய உதவி, வேலை நிற்காது.

ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. அதிகாரம் மிக்க ஒரு எண்ணைச் சாதாரணக் கணக்கின் வரலாற்றில் செருகிவிட்டால், அந்தக் கணக்குக்கு அத்தனை அதிகாரமும் வந்துவிடும். தாக்குதல் உத்திகளைப் பட்டியலிடும் 'மைட்டர் அட்டாக்' தொகுப்பில் இதற்கென்றே தனிப் பதிவு உண்டு. இரண்டு டொமைன்களுக்கு இடையே போட்ட நம்பிக்கை இணைப்பும் அப்படித்தான். வேலை முடிந்ததும் அனுமதிகளைப் புது எண்களில் எழுதி, வரலாற்றைத் துடைத்து, இணைப்பைத் துண்டித்து, பழைய டொமைனை மூட வேண்டும். திட்டத்தின் இந்தக் கடைசி 10 சதவீதம்தான் பல இடங்களில் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று நின்றுபோகிறது. யாரும் கவனிக்காத பழைய டொமைன், திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு.

கணக்கு யார் தலையில்?

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய தாய் நிறுவனத்தின் அமைப்பில் இருந்து புதிய அமைப்புக்கு மாற்றியது. அது டொமைன் மாற்றத்தைவிடப் பெரிய வேலை. ஆனால் பாடம் ஒன்றே. ஒரே வார இறுதியில் பெரும்பகுதியை மாற்றினார்கள். தகவல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் வழிதான் உடைந்தது. கிளைகளிலும் ஆன்லைனிலும் சேவை தடுமாறி, நிலைமை சீராக டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

அலுவலக டொமைன் மாற்றத்தில் இப்படி அபராதம் போட யாருமில்லை. அதனால்தான் அதன் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொரு ஊழியரும் அரை நாள் இழந்தால், 500 பேர் அலுவலகத்தில் அது 250 வேலை நாட்கள். அந்த இழப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. ஊழியர் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டுவார். இன்னொரு பக்கம், வார இறுதி முழுக்கத் தூங்காமல் வேலை பார்த்த இளம் ஐடி ஊழியர் திங்கட்கிழமை திட்டு வாங்குவார். ஃபைலைத் தொலைத்தது அவரில்லை. சோதனைக்கு நேரம் கொடுக்காதவர்கள்தான் அதற்குப் பொறுப்பு.

ஆகவே நிர்வாகங்கள் சில விஷயங்களை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் சோதனை. அதில் ஐடி ஆட்கள் மட்டுமல்லாமல் கணக்குப் பிரிவிலும் விற்பனையிலும் இருந்து ஆட்கள் இருக்க வேண்டும். பிறகு பிரிவு பிரிவாக மாற்றம். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பார்கள். கணக்குப் பிரிவுக்கு மார்ச்சும் சம்பளப் பிரிவுக்கு மாதக் கடைசியும்தான் ஆடி. பழைய புரொஃபைலைக் குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மாற்றம் நடந்த அன்று ஒவ்வொரு தளத்திலும் நேரில் உதவ ஒருவர் நிற்க வேண்டும். வெற்றியை அளப்பது எத்தனை கம்ப்யூட்டர் சேர்ந்தது என்பதை வைத்து அல்ல, திங்கட்கிழமை 10 மணிக்கு எத்தனை பேர் வேலையைத் தொடங்கினார்கள் என்பதை வைத்து.

ஊழியர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

• டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவில் இருக்கும் வேலை ஃபைல்களை, நிறுவனம் அனுமதித்த சர்வர் ஃபோல்டருக்கோ கிளவுடுக்கோ மாற்றிவிட வேண்டும்.

• பிரவுசர் புக்மார்க்கையும் பாஸ்வேர்டுகளையும் நிறுவன விதிகளுக்கு உட்பட்டு ஒத்திசைவு செய்துகொள்ள வேண்டும். பாஸ்வேர்டுகளை நோட்பேடில் எழுதி வைப்பது கூடாது.

• அவுட்லுக்கில் பி.எஸ்.டி. ஃபைல் இருக்கிறதா, என்கிரிப்ட் செய்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து ஐடி பிரிவிடம் முன்பே சொல்ல வேண்டும்.

• பயன்படுத்தும் பிரிண்டர்கள், நெட்வொர்க் டிரைவ்கள், சிறப்பு மென்பொருள்களின் பட்டியலை எழுதி வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலில் வைத்தாலே போதும்.

• ஆபீஸ் லேப்டாப்பில் குடும்ப போட்டோக்களும் ஆதார் நகலும் இருந்தால் எடுத்துவிட வேண்டும். மாற்றத்தின்போது அந்தப் புரொஃபைலை வேறொருவர் திறந்து பார்க்க வேண்டி வரலாம்.

• மாறிய பிறகு டெஸ்க்டாப் காலியாக வந்தால் பதற்றம் வேண்டாம். புதிதாக எதையும் அடுக்கத் தொடங்காமல், பழைய புரொஃபைல் ஃபோல்டரை அழிக்க வேண்டாம் என்று சொல்லி ஐடி பிரிவை அழைக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வீடு அங்கேயே, பூட்டியபடிதான் இருக்கும்.